ஆற்று நடுவே ஒரு பாறை: ஜப்பானிய மை ஓவியமும் கபிலர் குன்றும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில், வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அருகே, தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பெரிய பாறை நிற்கிறது. பாறையின் உச்சியில் ஒரு சிறிய கோயில். ஊர் மக்கள் அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் நாற்புறமும் நீர் சூழ்ந்து தீவு போல் நிற்கும். கோடையில் சுற்றிலும் மணல்தான். சங்கப் புலவர் கபிலர் தம் உயிரை விட்ட இடம் இது என்பது மரபு.

நீருக்கு நடுவே ஒரு பாறை, பாறைமேல் ஒரு சிறு கட்டடம், அதனோடு சேர்ந்த ஒரு கவிஞரின் பெயர். 15-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஒருவரிடம் இந்த மூன்றையும் சொல்லியிருந்தால், அவர் வேறு எதுவும் கேட்காமல் மைக்கட்டியை எடுத்து உரைக்கத் தொடங்கியிருப்பார். ஏனென்றால் அந்நாட்டு மை ஓவியர்கள் பல தலைமுறைகளாக வரைந்தது இத்தகைய காட்சிகளைத்தான். அவற்றில் மிகப் பல அவர்கள் கண்ணால் கண்டவை அல்ல. கடல் கடந்த சீன நாட்டு மலைகளையும் ஏரிகளையும் அவர்கள் சீனக் கவிதைகளில் படித்தும், கைக்குக் கிடைத்த சீன ஓவியங்களைப் பார்த்தும் வரைந்தார்கள்.

காணாத மலையை ஒருவர் ஏன் வரைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், அது ஜப்பானிலிருந்து கல்கத்தா வழியாகச் சென்னைக்கும், கடைசியில் கல்வராயன் மலை அடிவாரத்துக்கும் வந்து சேர்கிறது.

மையும் நீரும்

முதலில் இந்த ஓவியம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். விளக்குப் புகையிலிருந்தோ, பைன் மரத்தை எரித்தோ எடுத்த கரியை விலங்குப் பசையுடன் பிசைந்து கட்டியாக உலர்த்துவார்கள். வேண்டும்போது கல்லில் சிறிது நீர் விட்டு, சந்தனம் உரைப்பது போல் அந்தக் கட்டியை உரைத்தால் மை கிடைக்கும். நம் வீடுகளில் விளக்குப் புகையைத் தட்டில் பிடித்துக் கண்மை கூட்டியது போன்ற வேலைதான்.

நீரின் அளவைப் பொறுத்து இந்த ஒரே மை அடர் கறுப்பிலிருந்து மங்கிய சாம்பல் வரை பல தரங்களில் வரும். மைக்கு ஐந்து நிறங்கள் உண்டு என்பது சீனர்களின் பழைய வழக்கு. எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே தூரிகை, ஒரே மை, ஒரே தாள். தாளில் பட்ட மையை அழிக்கவோ திருத்தவோ முடியாது. ஆகையால் ஓவியர் கை வைக்கும் முன்பே படம் மனத்தில் முடிந்திருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், வரையாமல் விட்ட இடம். மலையின் நடுவே தாளை வெறுமையாக விட்டுவிட்டால் அது மூடுபனி. மலையடியில் வெறுமையாக விட்டால் அது ஆறு. ஒரு சிறு படகை அதில் வைத்துவிட்டால் பார்ப்பவர் கண் மிச்ச நீரைத் தானே நிரப்பிக்கொள்ளும். சங்க இலக்கணத்தில் இறைச்சி என்று ஒன்று உண்டு. நிலத்தைப் பற்றி மட்டும் சொல்லி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே உணர்த்துவது. மை ஓவியத்தின் வெற்றிடமும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது.

நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் நிலம்

சீன மொழியில் இயற்கைக் காட்சி ஓவியத்துக்குப் பெயர் 'ஷான் ஷுய்'. மலை, நீர் என்று பொருள். ஜப்பானியர் அதையே 'சன்சுய்' என்பார்கள். சீனாவில் மலைப் பாட்டும் மலை ஓவியமும் ஒன்றாக வளர்ந்தவை. 8-ஆம் நூற்றாண்டில் தாங் பேரரசில் வாழ்ந்த வாங் வெய் கவிஞராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றவர். அவருடைய கவிதையில் ஓவியமும் ஓவியத்தில் கவிதையும் இருப்பதாகப் பின்வந்த சுங் காலக் கவிஞர் சூ ஷி (1037–1101) சொன்னது, பிற்காலத்து ஓவியர்கள் அனைவருக்கும் ஒரு விதி போலவே ஆகிவிட்டது.

ஜப்பானியர் மிகவும் விரும்பி வரைந்த தலைப்பு 'ஷியாவோ ஷியாங் எட்டுக் காட்சிகள்'. தென் சீனாவில் ஷியாவோ, ஷியாங் என்னும் ஆறுகள் கலந்து துங்திங் ஏரியை நோக்கிப் போகும் நிலப்பகுதி இது. 11-ஆம் நூற்றாண்டில் சுங் தி என்னும் அதிகாரி இந்த எட்டுக் காட்சிகளையும் வரைந்ததாகக் குறிப்பு உண்டு. இரவு மழை, ஏரியின்மேல் இலையுதிர்கால நிலவு, மணல்திட்டில் இறங்கும் காட்டு வாத்துகள், பனிமூட்டத்துக்குள் இருக்கும் கோயிலின் மாலை மணியோசை என்று காட்சிகள் அமைந்துள்ளன. மணியோசையை எப்படி வரைவது? மூடுபனிக்குள் ஒரு கூரை முனையை மட்டும் காட்டுவார்கள். ஓசை பார்ப்பவர் காதில் கேட்கும்.

இந்த நிலத்துக்கு ஒரு சோகப் பின்னணி உண்டு. அரசர்களின் கோபத்துக்கு ஆளான அதிகாரிகளும் கவிஞர்களும் நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்த பகுதி இது. அவர்களில் முதன்மையானவர் கி.மு. 4–3-ஆம் நூற்றாண்டுகளில் சூ நாட்டில் வாழ்ந்த சூ யுவான். அரசனால் ஒதுக்கப்பட்டு இப்பகுதியில் அலைந்த அவர், தம் நாட்டின் வீழ்ச்சியைப் பொறுக்காமல் மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர் துறந்தார் என்பது வரலாறு. ஆகவே இந்த எட்டுக் காட்சிகளும் வெறும் அழகான இடங்களின் பட்டியல் அன்று. தன் ஊரை இழந்த ஒருவரின் கண்ணில் தெரியும் மழையும் நிலவும் அவை.

கியோத்தோவின் துறவிகள்

ஜப்பானின் முரோமாச்சி காலத்தில் (1336–1573) இந்தக் கலை ஜென் மடங்கள் வழியாக வேரூன்றியது. கியோத்தோவின் பெரிய ஜென் மடங்களுக்கு 'ஐந்து மலைகள்' என்று பெயர். அங்கிருந்த துறவிகள் சீன மொழியில் கவிதை எழுதுவதில் தேர்ந்தவர்கள். ஆனால் அவர்களில் மிகப் பலர் சீனாவைக் கண்டதில்லை. நகரத்தின் சந்தடிக்கு நடுவே, நிர்வாகப் பொறுப்புகளுக்கு நடுவே இருந்த அவர்களுக்கு மலைக்குடில் என்பது மனத்தில் மட்டுமே இருந்தது.

அவர்கள் உருவாக்கியதுதான் 'ஷிகாஜிகு' என்னும் கவிதை-ஓவியச் சுருள். நீண்ட தொங்கு தாளின் கீழ்ப்பகுதியில் மலை, நீர், சிறு குடில். மேல்பகுதியில் அந்தக் காட்சியைப் பற்றி நண்பர்களான துறவிகள் ஆளுக்கொரு கவிதை எழுதுவார்கள். ஷோகுன் அஷிகாகா யோஷிமோச்சியின் விருப்பப்படி 1415-ஐ ஒட்டி ஜோசெத்சு வரைந்த ஓவியம் ஒன்றில், சுரைக்குடுக்கையால் கெளுத்தி மீனைப் பிடிக்கப் பார்க்கிறான் ஒருவன். வழுவழுப்பான குடுக்கையால் வழுவழுப்பான மீனைப் பிடிக்க முடியுமா என்பது ஜென் புதிர். அதற்கு 31 துறவிகள் கவிதையில் விடை எழுதியிருக்கிறார்கள்! ஜோசெத்சுவின் வழியில் வந்தவர் ஷூபுன். மூங்கில் தோப்பில் படிக்கும் அறிஞரைக் காட்டும் ஓவியம் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.

இந்த வரிசையில் தலைசிறந்தவர் செஷ்ஷூ (1420–1506). மற்றவர்கள் கனவில் மட்டும் கண்ட சீனாவுக்கு அவர் 1467-இல் நேரில் போனார். 1469-இல் திரும்பினார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த செய்தி வியப்பானது. 1495-இல் தம் மாணவர் ஒருவருக்கு வரைந்து கொடுத்த மை ஓவியத்தின் மேலே செஷ்ஷூ ஒரு குறிப்பு எழுதினார். சீனாவுக்குப் போய் வந்த பிறகே தம் முன்னோரான ஜோசெத்சு, ஷூபுன் ஆகியோரின் அருமையை உணர்ந்ததாக அதில் சொல்கிறார். அந்த ஓவியத்தில் மலை என்பது சில விநாடிகளில் தெளித்தது போன்ற ஈர மைத் தீற்றல்கள்தான். உற்றுப் பார்த்தால் அடியில் ஒரு மதுக்கடையின் கொடியும், சிறு படகில் இரண்டு பேரும் தெரிவார்கள்.

எட்டுக் காட்சிகள் ஊர் திரும்புகின்றன

செஷ்ஷூவின் கடைசிக்கால ஓவியங்களில் ஒன்று 'அமனோஹாஷிதாதே'. ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் ஒரு விரிகுடாவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நீண்ட மணல்திட்டும் அதன்மேல் நிற்கும் பைன் மரங்களும்தான் காட்சி. இடத்தையும் கோயில்களையும் அடையாளம் காணும்படி வரைந்திருக்கிறார். ஓவியத்தில் உள்ள ஒரு கோபுரம் 1501-இல் கட்டப்பட்டது என்பதால், 80 வயதைக் கடந்த பிறகே இதை வரைந்தார் என்று கணிக்கிறார்கள். பிறர் நாட்டு மலைகளில் பயின்ற கை, கடைசியில் சொந்த நாட்டுக் கரையை வந்து தொட்டது.

அவருக்குப் பின் இது ஒரு போக்காகவே மாறியது. சீனத்து எட்டுக் காட்சிகளைக் கியோத்தோவுக்கு அருகிலுள்ள பிவா ஏரிக்குப் பொருத்தி 'ஓமி எட்டுக் காட்சிகள்' உருவாயின. இரவு மழை கராசாகிக்கு, மாலை மணி மீ கோயிலுக்கு, இறங்கும் வாத்துகள் கதாதாவுக்கு என்று ஒவ்வொன்றும் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டது. 1830-களில் ஹிரோஷிகே இவற்றை மரக்கட்டை அச்சு ஓவியங்களாக வெளியிட்டு மக்களிடம் கொண்டு சேர்த்தார்.

ஜப்பானியர் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்த 18-ஆம் நூற்றாண்டிலும் சீனக் கவிதை அவர்கள் தூரிகையை விடவில்லை. நாகசாகித் துறைமுகம் வழியே வந்த சீன நூல்களைப் பார்த்தே ஓவியர்கள் பயின்றார்கள். 1771-இல் இக்கே நோ தைகாவும் புகழ்பெற்ற ஹைக்கூ கவிஞர் பூசோனும் சேர்ந்து, சீன எழுத்தாளர் லி யூவின் மலைக்குடில் கவிதைகளுக்கு ஓவியம் தீட்டினார்கள். பத்து வசதிகளைத் தைகா வரைந்தார், பத்து இன்பங்களைப் பூசோன் வரைந்தார். அந்த ஏடுகளைப் பிற்காலத்தில் தம்மிடம் வைத்திருந்தவர் 1968-இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் யசுனாரி கவாபாத்தா.

ஆக, ஜப்பானில் நடந்தது இதுதான். முதலில் கவிதை, பிறகு அந்தக் கவிதையின் காணாத மலை, அதன் பிறகு தங்கள் ஊர் மலை. கவிதை அவர்களுக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தது.

பெண்ணைக் கரையில் ஒரு சூ யுவான்

இப்போது திருக்கோவிலூருக்குத் திரும்பலாம். சங்கப் பாடல்களில் மிக அதிகமாகப் பாடியவர் கபிலர். அவர் பெயரில் 200-க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன. குறிஞ்சித் திணையின் கவிஞர் என்றே அவரைச் சொல்லலாம். பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவிக்கப் பாடியது என்று அதன் குறிப்பு கூறுகிறது. 99 மலர்களின் பெயர்கள் அதில் அடுக்கி வருகின்றன. வேற்று நாட்டவர் ஒருவருக்குத் தமிழ்க் கவிதையை விளக்க நினைத்தபோது அவர் தேர்ந்தெடுத்தது மலையைத்தான்.

கபிலரின் நண்பர் பறம்பு மலையை ஆண்ட வேள் பாரி. பறம்பு மலை சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மூவேந்தர் முற்றுகையில் பாரி மாண்டான். மலை பறிபோனது. பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் மணமகன் தேடி அலைந்தார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்துவிட்டார்கள். கபிலர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பறம்புப் பாடல்களில் ஒரு பகுதி, மலையை இழந்த பிறகு தொலைவிலிருந்து அதைத் திரும்பிப் பார்ப்பவை.

முடிவு திருக்கோவிலூரில். அன்று அது கோவலூர், மலையமான்களின் தலைநகர். வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டு, ஆற்று நடுவே உள்ள 'கபிலக்கல்'லில் தீப் புகுந்ததாக அது கூறுகிறது. புறநானூற்று மரபோ அவர் வடக்கிருந்து உயிர் துறந்ததாகச் சொல்கிறது. எப்படியாயினும், கபிலர் வாழ்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் இந்தப் பாறையை ஊர் மறக்கவில்லை என்பதற்குக் கல்வெட்டே சான்று.

சூ யுவானையும் கபிலரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தெளிவாகத் தெரியும். இருவரும் இழந்த நிலத்தைப் பாடியவர்கள். இருவரின் முடிவும் ஆற்றோடு சேர்ந்தது. சூ யுவானின் ஆற்று நிலத்தை ஜப்பானியர் 500 ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்தார்கள். அப்படியானால் கபிலரின் பாறைக்கு ஏன் அப்படி ஒரு ஓவிய மரபு வரவில்லை?

ஒரு காரணம் எழுதுகருவி. சீனரும் ஜப்பானியரும் கவிதை எழுதிய தூரிகையாலேயே மலையையும் வரைந்தார்கள். தமிழ்ப் புலவர் கையில் இருந்தது எழுத்தாணி, எழுதியது பனையோலையில். விரற்கடை அளவு அகலமுள்ள ஓலையில் மலை எழும்பாது. ஓவியனோ சுவரில் வரைந்தான். சித்தன்னவாசலிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் அந்தக் கை எவ்வளவு தேர்ந்தது என்று காணலாம். ஆனால் பாட்டு ஓலையிலும் படம் சுவரிலுமாகப் பிரிந்தே இருந்தன. இரண்டும் ஒரே தாளில் சந்திக்க வாய்ப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ, நிலக்காட்சி வரைய வேண்டிய எல்லாவற்றையும் நம் புலவர்கள் சொல்லிலேயே வரைந்துவிட்டார்கள்.

கல்கத்தா வழியாகச் சென்னைக்கு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வாய்ப்பு ஒருமுறை அருகில் வந்தது. ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா தென்ஷின் 1902-இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாருடன் பழகினார். அவர் வழியாக 1903-இல் யொகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் இரு ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். தைக்கான் நம் கதைக்குப் புதியவர் அல்ல. 1898-இல் சூ யுவானை வரைந்தவர் அவர்தான். கலைப்பள்ளித் தலைமையிலிருந்து ஒகாகுரா வெளியேற நேர்ந்த ஆண்டு அது. ஒதுக்கப்பட்ட கவிஞரின் உருவில் தம் ஆசிரியரின் நிலையை அவர் காட்டினார் என்பார்கள். பின்னர் 1912-இல் ஷியாவோ ஷியாங் எட்டுக் காட்சிகளையும் அவர் வரைந்தார்.

தைக்கான் ஈரத் தூரிகையால் தாளை நனைத்து நனைத்து வரைவதை அவனீந்திரநாத் தாகூர் கவனித்தார். அதிலிருந்து அவர் வளர்த்ததே வங்காள ஓவியர்களின் 'வாஷ்' முறை. வண்ணம் பூசிய படத்தை நீரில் நனைத்து, மீண்டும் பூசி, மீண்டும் நனைத்து, கோடுகளைப் பனிமூட்டத்தில் கரைப்பது. 1905-இல் அவர் வரைந்த 'பாரத மாதா' இம்முறையில் அமைந்தது. 1916-இல் இரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் சென்றதைத் தொடர்ந்து, அராய் கம்போ என்னும் ஓவியர் கல்கத்தா வந்து 1918 வரை தாகூர் இல்லத்தில் ஜப்பானியத் தூரிகை முறையைக் கற்பித்தார். 1924-இல் நந்தலால் போஸ் தாகூருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். சாந்திநிகேதனின் வினோத் பிகாரி முகர்ஜி 1930-களில் ஜப்பானுக்கே சென்று பயின்றார்.

இந்த மரபில் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்தது. அவனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850-இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். 1957 வரை அங்கே இருந்தார். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே.

அதே காலத்தில் அதே நகரில் இன்னொரு பெரும்பணியும் நடந்து கொண்டிருந்தது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்திருந்தார். 1937-இல் அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வந்தது. அதாவது, கபிலரின் மலைகள் ஓலைச்சுவடியிலிருந்து தாளுக்கு வந்து சேர்ந்தன. மலையைப் பனிமூட்டத்தில் வரையத் தெரிந்த தூரிகையும் அதே நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆயினும் ஷிகாஜிகு போல, பாடலும் மலையும் ஒரே தாளில் சேரும் ஒரு மரபு அங்கே உருவாகவில்லை. கலைப்பள்ளியும் தமிழ்ப் புலமையும் அவரவர் வழியில் போய்க்கொண்டிருந்தன.

மூன்று தொலைவுகளும் ஒரு மலையும்

11-ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி மலையைப் பார்க்க மூன்று வழிகள் சொன்னார். அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயரத் தொலைவு. மலையின் முன்னிருந்து பின்னுள்ள மடிப்புகளுக்குள் பார்ப்பது ஆழத் தொலைவு. அருகிலிருந்து தூரத்தை மட்டமாகப் பார்ப்பது சமத் தொலைவு.

இந்த மூன்றையும் கற்றுக்கொள்ளக் கள்ளக்குறிச்சி மாவட்டமே போதும். கச்சிராயப்பாளையம் பக்கம் கோமுகி அணைக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் உயரத் தொலைவு. மலைப்பாதையில் ஏறி வெள்ளிமலையை அடைந்து, மடிந்து மடிந்து போகும் சரிவுகளைப் பார்த்தால் ஆழத் தொலைவு. கபிலர் குன்றிலிருந்து பெண்ணையின் மணலைக் கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்தால் சமத் தொலைவு. குறிச்சி என்பதே குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். ஊர்ப் பெயரிலேயே திணை இருக்கிறது. கல்வராயனுக்கு வடக்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைப்பயணத்தையே விவரிக்கிறது. சுருளை விரித்துக்கொண்டே பார்க்கும் செஷ்ஷூவின் 16 மீட்டர் நீள ஓவியத்தோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மை ஓவியத்தில் மனிதர்கள் எறும்பளவே இருப்பார்கள். சங்கப் பாடலில் தினைப்புனம் காப்பவள், தேன் எடுப்பவன், பறை கொட்டுபவன் என்று மலை முழுவதும் ஆட்கள். குறவர் இல்லாமல் குறிஞ்சி இல்லை.

கல்வராயன் மலையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லி வருகிறார்கள். ஜென் மரபின் முதல் குருவான போதிதருமரையும் காஞ்சிபுரத்தவர் என்றே ஒரு நம்பிக்கை கூறுகிறது. 1496-இல் செஷ்ஷூ வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில், பாறையைப் பார்த்துத் தியானத்தில் அமர்ந்திருப்பவர் அந்தப் போதிதருமர்தான். இரண்டும் மரபுச் செய்திகளே. ஆனாலும் ஒரே நகரத்தின் பெயரைச் சொல்லி ஒரு கதை கிழக்கே கடல் தாண்டியதும், இன்னொன்று மேற்கே மலை ஏறியதும் எண்ணிப் பார்க்கச் சுவையானது.

மலைமக்களின் வாழ்வு ஓவியம் போல் அமைதியாக இருக்கவில்லை. கல்வராயன் மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து ஜாகிர்தார்களின் பிடியில் நெடுங்காலம் இருந்தது. அந்த முறை 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கல்வராயன் மலையின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. சாராய வேட்டை நடக்கும் காடு என்றே வெளியூர்க்காரர்கள் பலர் அந்த மலையை அறிந்துகொண்டார்கள். அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை பற்றிய கேள்விகள் அப்போதுதான் பலர் காதில் விழுந்தன.

பார்க்கக் கற்பது

ஜப்பானியத் துறவிகள் காணாத மலையைக் கவிதையின் கண்ணால் கண்டார்கள். கபிலர் கண்ட மலையை இழந்து, இழப்பின் கண்ணால் மீண்டும் கண்டார். கல்வராயன் மலையோ இன்னும் இழக்கப்படாத மலை. கண்முன் நிற்கும் மலை. பேருந்தில் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதும் பார்க்கப்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செஷ்ஷூ தம் ஊர்க் கரையை வரையச் சீனா வரை போய்த் திரும்பி, 80 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ் மாணவருக்கு அவ்வளவு தூரம் இல்லை. குறிஞ்சிக்குரிய பாட்டு பாடநூலிலேயே இருக்கிறது. மலை கோமுகிக்கு அப்பால் இருக்கிறது. ஒரு தாளும், சிறிது மையும், கொஞ்சம் நீரும் இருந்தால் போதும். வரைகிற தாளில் எவ்வளவு இடத்தைப் பனிமூட்டத்துக்கு விட்டாலும், அந்த மலையில் வாழ்பவர்களுக்கும் ஒரு மூலையில் இடம் விட வேண்டும். கபிலர் கற்பித்த பாடம் அது.